கயிற்றின் வால்

கத்தியைத் தீட்டி முடித்துவிட்டு பெய்ஷென் மனைவி ஷார்கானைத் திரும்பிப் பார்த்தான். நவம்பர் மாதக் காலை. முற்றத்து வேலிக் கம்பத்தில் இரண்டு பெட்டைக் குதிரைகள் கட்டியிருந்தன. ஒன்று சாம்பல், இன்னொன்று செவலை. இரண்டுக்கும் பத்து வயது. குளிர்காலக் கறிக்கு இரண்டில் ஒன்றை வெட்டியாக வேண்டும். கொட்டகையில் கிடந்த புல் மூன்று குதிரைக்குத்தான் காணும், இருந்ததோ நாலு. மற்ற இரண்டும் இளசுப் பெட்டைகள், அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

"சொல்லு புள்ள, எது?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? வீட்டுல ஆம்பள நீங்கதான?"

"கறக்குறவ நீ. கறக்குறவதான் சொல்லணும். நான் கத்தியப் பிடிக்கிறதோட சரி."

நாளைக்கு ஒன்று என்றால் பழி தன்மேல் விழக்கூடாது, அதில் மட்டும் பெய்ஷென் மகா கெட்டிக்காரன். ஆனால் அவன் சொன்னது வழக்கம்தான். அந்த மலையில் எந்த வீட்டிலும் பால் குதிரையின் உயிர் கறக்கிறவள் வாயில்தான் இருந்தது. ஷார்கான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கோடையில் மேய்ச்சலுக்குப் போனால் புல்தரையில் நீளமாக ஒரு கயிற்றை முளையடித்துக் கட்டி, குட்டிகளை வரிசையாக அதில் பிணைத்துவிடுவார்கள். குட்டி அங்கே இருந்தால் தாய் தூரம் போகாது. அதிகம் கறப்பதன் குட்டிக்குக் கயிற்றின் தலை, குறைவாகக் கறப்பதற்கு வால். மாமனார் வீட்டில் இருந்த ஆறு வருடமும் சாம்பலின் குட்டி வாலில்தான் நின்றது. அந்த மந்தையில் சாம்பலைத் தவிர ஆறு குதிரைகள், ஒவ்வொன்றும் வாளி வாளியாகக் கறக்கிறவை. அவற்றைக் கறந்து கை ஓய்ந்த பிறகு, போனால் போகிறது என்று கடைசியாகச் சாம்பலிடம் வருவாள் ஷார்கான். "வா மூதேவி, நீ என்னத்தக் கிழிக்கப்போற" என்று விலாவில் ஒரு தட்டு. பாகம் பிரித்தபோது கொழுந்தன்கள் நல்லதையெல்லாம் ஓட்டிக்கொண்டு போக, சாம்பலும் இரண்டு இளசுகளும்தான் இவர்களுக்கு மிஞ்சின.

செவலையின் கதை வேறு. தன் அண்ணன் மனைவி செத்துப்போன பிறகு, அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஷார்கான் இரண்டு கோடை கொச்கோர் பக்கம் போய் இருந்தாள். இரண்டு வருடமும் மழை பொய்த்துவிட்டது. கல்லும் முள்ளும்தான், புல் ஏது? அண்ணனின் மூன்று குதிரைகளில் இரண்டு, காம்பைக்கூட நனைக்கவில்லை. செவலை மட்டும் ஒரு கிண்ணம் கொடுத்தது. அந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அவள் கூடாரத்துக்குள் நுழையும்போது நான்கு பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள். அவள் செவலையின் நெற்றியில் முத்தம் கொடுத்திருக்கிறாள், பிடரியில் சிவப்புக் குஞ்சம் கட்டியிருக்கிறாள். இந்த வருடம் அண்ணன் பிழைப்புக்கு ருஷ்யா போனபோது, "ஒனக்குத்தான் இது ராசி" என்று செவலையைத் தங்கையிடமே விட்டுப் போனான். சாம்பலும் செவலையும் ஒரு நாளும் ஒரே கயிற்றில் நின்றதில்லை.

சும்மா கறிக்கு என்றால் எதை வெட்டினால் என்ன? ஆனால் அடுத்த கோடைப் பால் மகளுக்கு வேண்டும். அக்மரால் பத்தொன்பது வயதுப் பெண். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தையல் பட்டறையின் நிலவறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து தைத்து, நெஞ்சில் சளியும் ரத்தமுமாகத் திரும்பி வந்திருந்தாள். இப்போது மாவட்ட ஆஸ்பத்திரியில். மே மாதம் வீட்டுக்கு அனுப்புவார்களாம். "மாத்திர நாங்க தர்றோம், ஒடம்ப நீங்கதான் தேத்தணும். இந்த எடையில மருந்து தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கறி, ரொட்டி எதுவும் அக்மரால் வயிற்றில் தங்குவதில்லை. சின்ன வயதிலிருந்தே குதிரைப்பால் ஒன்றுதான் தங்கும்.

முந்தின நாள் சாயங்காலம் அவளே போனில் கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, சாம்பல வெட்டிராத."

"ஒனக்கென்னடி தெரியும்?"

"சாம்பல் எவ்ளோ குடுக்கும்? அர வாளியாச்சும் இருக்குமா இல்லியா?"

"இருக்கும். வால்ல நிக்கிற சனியன், வேற என்ன செய்யும்."

"மாமா வீட்டுல செவல?"

"ஒரு கிண்ணம். ஆனா அது தலடி! அந்த வறட்டுக் காட்டுலயே ஒரு கிண்ணம்னா, நம்ம சூசமிர் புல்லத் தின்னா எவ்ளோ குடுக்கும், யோசிச்சியா?"

மறுமுனையில் இருமல்தான் வந்தது. பிறகு, "ஒன் இஷ்டம்மா" என்றாள்.

அம்மா சொன்ன கணக்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நியாயம் வாயில் வந்து சேர்வதற்கு முன்பே ஷார்கான் முடிவு செய்துவிட்டாள். கம்பத்தருகே நின்றபோது கை தன்னால் சிவப்புக் குஞ்சத்தைத் தடவியது. சாம்பல் தலையைத் தாழ்த்திக்கொண்டு, வழக்கம்போலத் தன் முறை கடைசியில்தான் வரும் என்பதாக நின்றது.

"சாம்பல்" என்றாள்.

அன்று அவள் அழவில்லை. குடல் கழுவவே பொழுது சரியாக இருந்தது.

மே மாதம் வீடு வந்த அக்மராலையும் கூட்டிக்கொண்டு ஜூனில் சூசமிர் மலை மேய்ச்சலுக்கு ஏறினார்கள். முழங்கால் உயரத்துக்குப் புல். வந்த நாலாம் நாளே இளசு ஒன்றின் குட்டியை ஓநாய் கொண்டுபோனது. குட்டி இல்லாமல் தாய்க்குப் பால் இறங்குமா? இன்னொரு இளசுக்கு அது தலைச்சன் ஈற்று, கிட்டே போனாலே உதைத்தது. ஷார்கான் கவலைப்படவில்லை. செவலையின் குட்டியைக் கயிற்றின் தலையில் கட்டி, பெரிய வாளியோடு உட்கார்ந்தாள். ஒரு கிண்ணம் வந்தது. புது இடம், பழகட்டும் என்றாள். அடுத்த வாரமும் ஒரு கிண்ணம். தின்ற புல்லெல்லாம் செவலையின் முதுகில்தான் ஏறியது, பளபளவென்று மினுமினுத்தது பாவி. ஜூலை பாதியில் அரைக் கிண்ணம் ஆனது. முன்பு பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்த அதே பால். இங்கே வாளியின் அடிகூட மறையவில்லை.

அக்மரால் அதைக் குடித்துவிட்டு, "போதும்மா, வயிறு நெறஞ்சிருச்சு" என்பாள். கழுத்தெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். மாத்திரை போட்டதும் வெளியே ஓடிப் போய்க் குமட்டுவாள். பெய்ஷென் ஒரு நாள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "நீதான சொன்ன" என்றான். அவ்வளவுதான். ஷார்கான் கரண்டியை எடுத்து அவன் மேல் வீசினாள். அது பட்டிருந்தால் தேவலை என்று அன்று பூராவும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கலீச்சாவின் கூடாரம். பதினாலு குதிரைக்காரி, நீளக் கயிறு. இல்லாதவர்களுக்கு ஒரு கோடைக்குப் பால் குதிரையைக் கொடுத்து, புல் தீர்ந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது அங்கே உண்டு. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஷார்கான் மகளோடு ஓடையைத் தாண்டினாள்.

கலீச்சா அக்மராலை மேலும் கீழும் பார்த்தாள். முகம் இளகிவிட்டது.

"என்னாடி இது, கொச்சக்கயிறு மாதிரி மெலிஞ்சு போயிட்ட! அத ஏன் ஷார்கான் இத்தன நாளா சொல்லல? அந்தா, கடைசில நிக்குதே மஞ்சள் நெறம். குட்டியோட பிடிச்சுட்டுப் போ."

"வால்ல நிக்கிறதாக்கா?"

கேட்டது ஷார்கானின் வாய்தான். அவள் யோசிக்கவே இல்லை. சொல் வெளியே போன பிறகுதான் தனக்கே காதில் விழுந்தது. சாம்பலை விழுங்கின வாய், இன்னும் அடங்கவில்லையே!

கலீச்சா இடுப்பில் கை வைத்தாள்.

"ஏம்மா, மகாராணிக்குத் தலக் குதிரதான் ஆகுமோ?"

"ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லல. தெரியாம வந்துருச்சு. எதக் குடுத்தாலும்..."

"மனசுல இருந்ததத்தான சொன்ன. என் வீட்டு வால ஒன் வீட்டுல கொண்டுபோயி நிறுத்தி, நாளைக்கு ஊரெல்லாம் கலீச்சா கழிச்சத குடுத்தான்னு பேசணுமாக்கும். அப்பறம் பாப்போம், போ."

கூடாரத்தின் கதவுக் கம்பளி அவள் பின்னால் விழுந்தது. ஷார்கான் நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே போய்க் காலில் விழலாமா என்று பார்த்தாள். அக்மரால் முகத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாம்மா" என்றாள். அம்மா வரவில்லை என்று தெரிந்ததும் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

கயிற்றின் கோடியில் மஞ்சள் குதிரை தன் குட்டியைப் பார்த்தபடி நின்றது. கறக்கும் நேரம் தாண்டியிருக்க வேண்டும், யாரும் இன்னும் அதனிடம் வரவில்லை. மடி கனத்து, இரண்டு காம்பிலிருந்தும் பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னங்காலின் உட்பக்கம் வழிந்து, குளம்பைச் சுற்றிப் புல் வெள்ளையாக நனைந்திருந்தது.