உள்ளுக்குள் கைமாறும் சூடு

சனிக்கிழமைதோறும் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும் சிவானந்தம் லயத்து வீட்டின் பின்கதவில் சாக்கட்டியால் ஒரு கோபுரம் வரைவான். போர்ட் டிக்சன் எண்ணெய் ஆலையில் அவனுக்கு வேலை. ஆலைப் பரீட்சை பாஸாகி மேல்நிலை வேலைக்குப் போனால்தான் குடும்பத்துக்கு அங்கே வீடு கிடைக்கும். அதுவரை மனைவி நவமணி கோலசிலாங்கூர் செம்பனைத் தோட்டத்தில் தனியாகத்தான் கிடக்க வேண்டும். ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. எண்பத்து மூன்றாம் வருஷத்தில் இது இரண்டாவது முயற்சி.

ஆலையில் எண்ணெயைப் பிரிக்கிற கோபுரம் அது. அதற்குள் கச்சா எண்ணெய் போகும். கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார் என்று பிரிந்து வெளியே வரும். போன எடையும் வந்த எடையும் சரியாக வேண்டும். அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சூட்டுக் கணக்குதான் காலை வாரும். கொதித்து வெளியே போகிற எண்ணெய், உள்ளே வருகிற எண்ணெயைச் சூடாக்கிவிட்டுப் போகும். அந்தச் சூட்டையும் உலைச் சூட்டோடு கூட்டிவிடுவான்; விடை தப்பிப்போகும்.

"வெளங்குதா நவமணி?"

"வெளங்குது லா."

ஒரு மண்ணும் விளங்காது. துணி மடித்தபடி, சாக்குத்தூள் ஒட்டிய அவன் மீசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு பேச்சும் தனக்கே தனக்கு என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

ஒரு ஞாயிறு காலை அடுத்த வீட்டு வேலம்மா கதவிலிருந்த கட்டங்களையும் எண்களையும் பார்த்தாள். பிள்ளை வரத்துக்கு எழுதிய சக்கரம் என்று அவளே முடிவு கட்டி, உச்சியில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டாள்.

"ஐயோ அக்கா, அது பரீட்சைக்கு!" என்று ஓடிவந்தான் சிவானந்தம்.

"எதுக்கா இருந்தா என்னாப்பா? கும்புட்டாச்சு. அழிச்சிடாத."

நவமணியும் அழிக்க விடவில்லை. வேறு வழியில்லாமல், பிழையை அப்படியே விட்டு, பக்கத்தில் புதிதாக வரைவதற்காக, பழைய படம் முழுவதையும் சுற்றி ஒரு பெரிய கோடு போட்டான். போட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இந்தக் கோட்டத் தாண்டுறது மட்டுந்தான் கணக்கு, நவமணி! உள்ளுக்குள்ளயே கைமாறுற சூட்ட நான் ஏன் சேக்கணும்?"

பாஸாகிவிட்டான். லோரியில் சாமான் ஏற்றிப் போர்ட் டிக்சன் போனார்கள். பைப்பைத் திறந்தால் தண்ணீர், தலைக்கு மேல் மின்விசிறி, தினமும் புருஷன். கேட்டதெல்லாம் கிடைத்தது.

காலை ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் ஒருநாள், "இன்னிக்கு வேலையில என்னா நடந்துச்சு?" என்றாள்.

"ஒன்னும் இல்ல லா. மீட்டரப் பாத்துக்கிட்டு நிக்கிறதுதான்."

சாப்பிட்டுப் படுத்துவிட்டான். இந்த வீட்டுக் கதவில் சாக்குக்கோடு ஒன்றுகூட இல்லை. நவமணிக்கு அழுகையாக வந்தது. ஜன்னலைத் திறந்தாள். ஆலைப் பக்கம் மிச்ச கேஸை எரிக்கும் உயரமான குழாயின் முனையில், நல்ல வெயிலில், இருப்பதே தெரியாமல் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.