துண்டு யானையின் வயிறு

வங்கியில் எல்லோரும் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தோரு வருடம் லாக்கர் பிரிவு. எந்தப் பெட்டிக்கு எந்தச் சாவி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்த ஜம்பம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மகள் சீட்டு எடுத்துக் கொடுத்தாள் என்று மனைவியோடு கப்பல் ஏறினார். ஒன்பது நாள், ஐந்து துறைமுகம், ஆசியாவின் தென்கரையை ஒட்டிய பயணம். அறையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டகம் இருந்தது. நாலு எண்ணை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து, இதெல்லாம் ஒரு பூட்டா என்று சிரித்தார். மனைவியின் தங்கச் சங்கிலிக்கு அவரே ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்குமுன் சங்கிலிக்கு இடம் மாற்றுவார். எங்கே என்று மனைவியிடமும் சொல்லமாட்டார். ரகசியம் ஒரு தலையில்தான் இருக்க வேண்டுமாம். முதல் துறைமுகத்தில் பிஸ்கட் டப்பா, இரண்டாவதில் கறுப்பு ஷூ.

அறையைச் சுத்தம் செய்ய வருகிறவருக்கு நாற்பது வயதிருக்கும். வாய் நிறைய "அம்மா, சார்" என்பார். முதல் நாள் குளியல் துண்டை மடித்து, தும்பிக்கை தூக்கிய யானை ஒன்றைச் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். சாவிக்காரரின் மனைவிக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். அதைப் பிரிக்கவே கூடாது என்று சொல்லி அலமாரி மேல் ஏற்றி வைத்தாள். சுத்தம் செய்கிறவரும் தினம் வேறு துண்டு கொண்டுவந்தாரே தவிர யானையைத் தொடவில்லை.

மூன்றாவது துறைமுகத்தைச் சுற்றிவிட்டு வந்த மாலை, கப்பல் தலைவர் கொடுக்கும் விருந்துக்கு மனைவி சங்கிலியைக் கேட்டாள். சாவிக்காரர் ஷூவுக்குள் கைவிட்டார். இல்லை. டப்பாவைக் கவிழ்த்தார். பிஸ்கட் தூள்தான் கொட்டியது.

"வேற எங்கயாவது வச்சிருப்பீங்க. நிதானமா யோசிங்க" என்றாள் மனைவி.

"எனக்கா மறதி?" என்று எரிந்து விழுந்தார் அவர்.

நேரே பாதுகாப்பு அதிகாரியிடம் போனார். அறைக்குள் வேறு யார் வருவார்கள் என்று அதிகாரி கேட்டார். "அந்த ஒரு ஆள்தான்" என்றார் சாவிக்காரர். அது போதுமானதாக இருந்தது. அந்த மனிதரின் பெட்டியைச் சக ஊழியர்கள் எதிரிலேயே கொட்டிச் சோதித்தார்களாம். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அடுத்த துறைமுகத்தில் இறக்கி விடப்போவதாகத் தகவல் வந்தது.

மறுநாள் காலை மனைவி முன்னாடியே சாப்பிடப் போய்விட்டாள். கண்ணாடியைத் தேடிய சாவிக்காரர் அலமாரி மேல் துழாவினார். கை பட்டு யானை சரிந்தது. அதன் வயிற்று மடிப்பிலிருந்து சங்கிலி நழுவித் தரையில் விழுந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்த அவசரத்தில், ஷூவிலிருந்து எடுத்து அவரே திணித்தது. எப்படி மறந்தது? சாவிக்காரருக்கு மறதி என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம்தான் முதலில் வந்தது. இறக்கப்படப் போகிற மனிதர் அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தார். பாருங்கள், என்ன மனசு!

அதிகாரியிடம் போய், கட்டிலுக்கு அடியில் கிடந்தது என்றார். பழியும் தீரும், மானமும் நிற்கும் என்று கணக்கு. அதிகாரி சிரித்தார்.

"பயந்துபோய்த் திரும்பக் கொண்டாந்து போட்டிருப்பான் சார். இது வழக்கம்தான். நீங்க கவலைப்படாதீங்க, அவனை இன்னைக்கே இறக்கிடறோம்."

சாவிக்காரர் "சரி" என்றார். என்ன சொல்ல, சரி என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வாசலை ஒட்டிய பெஞ்சில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லை. சாதாரணச் சட்டை, காலடியில் ஒரு பை. இவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"சார், சங்கிலி கிடைச்சுதா? அம்மா ரொம்ப மனசு கஷ்டப்பட்டிருப்பாங்களே."

சாவிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்பி அதிகாரியின் அறைக் கதவைத் திறந்தார். அதை மூடாமலே, பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான்தாங்க யானைக்குள்ள வச்சேன். வச்சதை மறந்துட்டேன். கட்டிலுக்கு அடியிலன்னு சொன்னது பொய். இவர் எதையும் தொடலை."

அதிகாரி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல சார், வயசானா வர்றதுதானே" என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். தான் மறைக்கப் பார்த்த மறதியை அந்த மனிதரே மெல்லச் சொன்னபோது சாவிக்காரர் கூனிக் குறுகிப்போனார். விஷயம் தெரிந்த மனைவி திட்டவில்லை. சங்கிலியை வாங்கிப் பெட்டகத்துக்குள் வைத்து, அவளே நாலு எண்ணை அழுத்தினாள்.

அந்த மனிதருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, அதே தளத்தில். ஆனால் இவர்கள் அறையில் இருக்கும்போதுதான் வந்தார். கதவை அகலத் திறந்து வைத்தார். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டுதான் படுக்கையைத் தொட்டார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கடைசித் துறைமுகம் தெரிய ஆரம்பித்த அன்று, மனைவி மனசு கேட்காமல் கேட்டாள்: "இப்பல்லாம் யானையே செய்யறதில்லையே தம்பி?"

அவர் துண்டைக் கட்டிலில் விரித்து, சுருக்கம் போக இரண்டு கையாலும் நீவினார்.

"மடிச்சு வச்சா உள்ள ஏதாவது இருக்குமோன்னு தோணும்மா. விரிச்சே வச்சுடறேன்."

சொன்னதில் கோபம் கொஞ்சமும் இல்லை. சாவிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரையில் கட்டிடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இறங்கி ஊர் பார்க்கிற முகம் அவருக்கு இல்லை.