சிவப்புதான் இழுக்கும்

கர்ட்டிஸ் தன் புதுப் பச்சை டிராக்டரை வைக்கோல் வண்டியை நோக்கிப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தான். அவன் அக்கா ஜோலீன் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றாள். வண்டியின் மேல் அவர்களுடைய அப்பா எமெட்டின் சவப்பெட்டி, பட்டை போட்டுக் கட்டியபடி இருந்தது.

கேபின் கதவு திறந்தது. "தள்ளு, ஜோலீன். கல்லறையில பாஸ்டர் காத்துக்கிட்டிருக்கார்."

"இருக்கட்டும். அப்பாவோட பழைய டிராக்டர், அந்தச் சிவப்புதான் இழுக்கும். அப்பாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அது என்னைவிட இருபது வயசு மூத்தது. நடுரோட்டுல படுத்துக்கிச்சுன்னா?"

"நான் தள்ளிக்கிறேன்."

நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் டிராக்டர் சிவப்பு என்றால் வீடே சிவப்பு, பச்சை என்றால் பச்சை. தொப்பியிலிருந்து குழந்தைகளின் பொம்மைவரை அந்த டிராக்டர் கம்பெனியின் நிறம்தான். எமெட் சிவப்பு. மகன் பச்சை வாங்கி வந்த அன்று, அதை வேலிக்கு வெளியே நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு அவனோடு மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

"ஒரே ஒரு தடவை ஏறி உக்காருங்கன்னு கேட்டேன்," என்றான் கர்ட்டிஸ். "ஏசி இருக்கு, சீட்டு சூடாகும், கோடு கிழிச்ச மாதிரி தானா உழும்னேன். அப்ப நீ எதுக்குடான்னார். இன்னிக்காவது அவர் என் வண்டிக்குப் பின்னால வரட்டும்."

"செத்தவரைத் தோக்கடிக்கப் பாக்கிறியா?"

பக்கத்துப் பண்ணைக் கிழவர் வெர்லின் தன் பச்சைத் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "நானும் பச்சைதான், கர்ட்டிஸ். இருந்தாலும் சொல்றேன். நீ இழுத்தா உங்கப்பன் பாதி வழியில எழுந்து வந்து உன் டயர்ல காத்தைப் புடுங்கி விட்டுடுவான்."

கர்ட்டிஸ் இறங்கினான். "சரி, கிளப்பு. பாப்போம்."

கொட்டகையில் சிவப்பு முனகி நின்றது. பேட்டரியில் உயிர் போதவில்லை. கர்ட்டிஸ் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து கேபிளை மாட்டினான். அந்தப் பழைய வண்டியில் எல்லாம் தலைகீழ்; பிளஸ் முனைதான் இரும்போடு சேர்ந்திருக்கும். அவன் கை புது வண்டிகளின் பழக்கத்தில் மைனஸை இரும்பில் கவ்வவிட்டது. பொறி பறந்து, ரப்பர் கருகி, பேட்டரி ஒரேயடியாகப் போயிற்று.

"வேணும்னே செஞ்சே."

"இல்ல."

"சின்ன வயசுல இருந்து ஓட்டினவன். மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

வேண்டுமென்றே செய்தேன் என்று பொய் சொல்லியிருந்தால்கூட அவள் கோபம் குறைந்திருக்கும்.

பேட்டரி இல்லாமலும் கையால் சுற்றிக் கிளப்பக்கூடிய பழைய எஞ்சின் அது. ஜோலீன் இரும்பு ஹேண்டிலை எடுத்து எஞ்சின் முகத்தில் செருகிச் சுற்றினாள். எஞ்சின் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இரண்டாம் முறை அவள் கால் வழுக்கியது. கர்ட்டிஸ் தோளால் அவளை ஒதுக்கிவிட்டு ஹேண்டிலைப் பிடித்தான். ஒரே இழுப்பு. எஞ்சின் வெடித்துக் கிளம்பியபோது ஹேண்டில் எதிர்ப்பக்கம் திரும்பி அவன் மணிக்கட்டில் அறைந்தது. அவன் முகம் வெளுத்தது. கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டான்.

"ஏறு," என்றான். "கிளப்பினது பச்சைக்காரன்தான்னு ஊர்ல சொல்லு."

"வாய மூடிக்கிட்டுப் பின்னால வா."

சரளைச் சாலையில் அவள் இரண்டாம் கியருக்கு மேல் போகவில்லை. பின்னால் பச்சை, நினைத்தால் ஒரே மூச்சில் தாண்டியிருக்கக்கூடியது, அதே நடையில் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறையில் பெட்டியை இறக்கியபோது, கர்ட்டிஸ் சுற்றிப்போய், இடது கையால் பிடிக்கும் பக்கத்துக்கு மாறிக்கொண்டான். வெர்லின் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவன் தலையை ஆட்டித் தடுத்தான்.

பாஸ்டர் புத்தகத்தைத் திறந்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார். சிவப்பு இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தது.

"ஜோலீன், அதைக் கொஞ்சம் அணைச்சிடும்மா."

அவள் நடந்து போய் சுவிட்சில் கை வைத்தாள். அணைத்தால் திரும்பிப் போக யாராவது மறுபடி ஹேண்டில் சுற்ற வேண்டும். குழியின் அந்தப் பக்கம் கர்ட்டிஸ் மண்ணைப் பார்த்தபடி நின்றான். சட்டைக் கைப்பட்டிக்குக் கீழே மணிக்கட்டு வீங்கிப் பளபளத்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

பாஸ்டர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் படிக்க ஆரம்பித்தார்.