தெரு நகர்ந்த காலை

அலை ஆபீசர் பாதி முகச் சவரத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் தெரு நகர்ந்தது. ஆடுவதெல்லாம் சாதாரண நிலநடுக்கம். இது நகர்ந்தது. எதிர்ச்சாரி முழுவதும், ரயில் கிளம்புகிற மாதிரி, கடலைப் பார்க்கப் புறப்பட்டுப் போய் நின்றது. தெருவில் நின்றபடி டீக்கடைக்குக் கிளாஸை நீட்டிக்கொண்டிருந்த மனிதரின் எதிரே இப்போது தையல்காரர். அவர் அளவு நாடாவோடு, "கொஞ்சம் திரும்புங்க" என்றார். அந்த மனிதரும் திரும்பினார்.

"சார், சுனாமி வருமா?" என்று கேட்டார் சவரக்காரர்.

சுனாமி எச்சரிக்கை அலுவலகத்தில்தான் ஆபீசருக்கு வேலை. "வராதுய்யா. கடலடி மேல கீழ போனாத்தான் தண்ணியைத் தூக்கும். இது பக்கவாட்டு. தண்ணிக்குத் தெரியவே தெரியாது."

"அப்போ இது?"

கண்ணாடி முழுக்க நுரைத் தண்ணீர் வழிந்தது. சவரக் கிண்ணம் பலகைமேல் காலியாக உட்கார்ந்திருந்தது.

"கிண்ணம் எகிறல சார். அப்படியே நகந்துச்சு. சரி, கண்ணாடிய யார் துடைக்கிறது?"

ஆபீசருக்குக் குழப்பம் அங்கே பிடித்தது. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள் அவள்.

"ஏங்க, வருமா, வராதா? இங்க வரிசை நிக்குது."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆமாம், இல்லை என்று அவளிடம் சொன்னதில்லை. உப்பு போதுமா என்று கேட்டால்கூட, "இன்னும் கொஞ்சம் தகவல் வேணும்" என்பார்.

"பொதுவா வராது. ஆனா..."

"ஆனாவை வெச்சு நான் டிக்கெட் கிழிக்கவா, ஜன்னலைச் சாத்தவா?"

அவர் கிண்ணத்தையே பார்த்தார். வெறும் தட்டைப் பலகையாக இருந்திருந்தால் தண்ணீருக்கடியில் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். கிண்ணத்துக்குச் சுவர் இருக்கிறதே, அதுதான் தண்ணீரைத் தள்ளியது. இந்த ஊர் வளைகுடாவும் குறுகல். இரண்டு பக்கமும் மலை சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. அந்தச் சரிவே பக்கவாட்டில் நகர்ந்திருந்தால்? போதாக்குறைக்கு அடியில் சேறும் சரிந்திருந்தால்? படித்த பாடம் வராது என்றது. கிண்ணம் வரும் என்றது.

"தண்ணி எப்படி இருக்கு?"

"சும்மாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல."

"வரும். மேட்டுக்கு ஓடு."

"உறுதியாவா?"

"உறுதியா."

போனில் ஜன்னல் படாரென்று விழும் சத்தம் கேட்டது. கூடவே அவள் குரல்: "எல்லாரும் ஓடுங்க! இவரு உறுதியாங்கிறாரு, உலகமே முடியப்போகுது!"

அலுவலகத்துக்கும் அதையே சொன்னார். ஊர்ச் சங்கு அலறியது. டீக்கடைக்காரர், தையல்காரர், பாதி அளவெடுத்த மனிதர் எல்லாரும் மேட்டுக்கு ஏறினார்கள். அலை வந்தது. டிக்கெட் ஜன்னலையும், காத்திருப்போர் பெஞ்சையும், தையல் இயந்திரத்தையும் வாரிக்கொண்டு போயிற்று.

மேட்டில் மனைவி மூச்சிரைக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.  

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"எங்க கண்டுபிடிச்சேன்? சரிவு தள்ளுச்சா, சேறு சரிஞ்சுதா, ரெண்டுமேவா... ஒண்ணும் புரியல."

"அப்போ உறுதியான்னு சொன்னது?"

"நீ அங்க நின்னியே."

 அவள் கையை விடவில்லை. சவரக்காரர் சவரக்கத்தியோடு பின்னால் வந்து நின்றார்.

"சார், மிச்சத்தையும் எடுத்துடலாமா?"

ஆபீசர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் கொஞ்சம் தகவல் வேணும்."