முந்தல் வரைக்கும்தான்

ஜீப் ஓட்டும் வீரணனின் முதல் அடி அத்தாவின் மேல் விழவில்லை, சைக்கிளின் மேல் விழுந்தது. இரண்டாவது அடியும் சைக்கிளுக்கு வந்ததுதான். அத்தா கையைக் குறுக்கே கொடுத்துவிட்டார். அவன் அடித்தது ஜீப்புக்கு ஜாக்கி போடும் இரும்புக் கம்பியால். இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. அந்தச் சத்தம் ஸ்டோருக்குள் ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. அவ்வளவு தூரம் கேட்டிருக்காது என்று அண்ணன் சர்ஃபராஸ் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் அத்தா கத்துவதற்கு முன்பே நான் எழுந்து ஓடினேன்.

தெருவில் அத்தா மண்டியிட்டிருந்தார். வீரணன் அவருடைய முறிந்த கையின் மேல் செருப்புக் காலை வைத்திருந்தான்.

"நேத்து முந்தல்ல பொம்பளையாளுக முன்னாடி கன்னத்துல கை வச்சேல்ல பாய்? இப்ப வையி பாப்போம்."

"அது இந்தக் கை இல்லடா" என்றார் அத்தா.

வீரணன் குனிந்து அத்தாவின் கன்னத்தில் கம்பியால் தட்டினான். ஓங்கி அடிக்கவில்லை, தட்டினான். ஆனாலும் உதடு கிழிந்தது. பிறகு சைக்கிளைத் தூக்கி ஜீப்பின் கூரை மேல் தலைகீழாகப் போட்டு, மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கினான்.

"அம்புட்டுப் பாசம்னா போடிமெட்டுக்கு வந்து எடுத்துக்க. டீக்கடை வாசல்லதான் நிக்கும்."

அதற்கு முந்தின நாள் முந்தலில் நடந்தது இதுதான். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது வீரணன் டீசல் மிச்சம் பிடிக்க ஜீப்பின் இன்ஜினை அணைத்துவிடுவான். மலையில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பதினைந்து தோட்டத்துப் பெண்களோடு சத்தமே இல்லாமல் உருண்டுவந்த ஜீப்பு, முந்தல் சோதனைச்சாவடிப் பக்கம் சைக்கிளைத் திருப்பிய அத்தாவை உரசி, வேலியில் தள்ளிவிட்டது. அத்தா எழுந்துபோய் எல்லார் முன்னாலும் வீரணனை அறைந்தார். அறையாமல் திட்டியிருந்தால் போதுமாக இருந்திருக்குமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தா டர்பனில் ஒரு மசாலாக் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். வெளிநாடுகள் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரமே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த காலத்தில், அங்கேயே ஒரு வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் பற்றவைத்துச் செய்த ரேஸ் சைக்கிள் அது. அவர் வாங்கியபோதே பழசு. மாதுளைச் சிவப்பு நிறம். கழுத்தில் பித்தளைத் தகடு, அதில் அந்த ஊர் ஆற்றின் பெயர்: உம்கேனி. இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் உள்ள கிழவர்கள், அந்த நாட்டிலேயே செய்த பழைய சைக்கிள்களின் படங்களைப் போடுவார்கள். எந்தக் கொட்டகையில் செய்தது, யார் பற்றவைத்தது என்று குரல் செய்தியில் சண்டை போடுவார்கள். அத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "நம்ம சைக்கிளு" என்பார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அம்மா சொல்லும்.

சர்ஃபராஸ் பத்து வயதில் அதன் குறுக்குக் கம்பியில் ஆணியால் தன் பெயரைக் கீற ஆரம்பித்தான். "சர்" வரை வந்திருந்தான். அத்தா பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் அடித்தார். முதுகில் இரண்டு தழும்புகள் இன்னும் இருக்கின்றன. சைக்கிளிலும் அந்தக் கீறல் இருக்கிறது. எத்தனையோ முறை பெயின்ட் தொட்ட அத்தா அந்த இடத்தை மட்டும் ஏன் தொடவில்லை என்று நான் கேட்டதில்லை.

அத்தாவின் விரல் முறிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து கைக்கட்டோடு வந்த அத்தா கேட்டார்:

"சர்ஃபராஸ் எங்க? பள்ளிவாசல்ல காணோமே."

"தொப்பியப் போட்டுட்டு அப்பவே கெளம்பிட்டானே" என்றது அம்மா.

நான் ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தேன். சாக்குத் தூக்கும் இரும்புக் கொக்கிகள் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும். ஒன்று குறைந்தது. அத்தாவிடம் சொன்னேன். அடிதடி ஆகிவிடுமே என்று பயப்படுவார் என நினைத்தேன். அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு.

"எதுல போனான்?"

"வண்டி இங்கதான் நிக்குது. பஸ்சுலதான் போயிருப்பான்."

"அப்ப வரும்போது சைக்கிள்ல வருவான்" என்று சொல்லி அத்தா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சக்கரம் சாதாரணச் சக்கரம் இல்லை. டயரைக் கவ்விப் பிடிக்க ரிம்மில் விளிம்பு கிடையாது. டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரைப் பசை போட்டு ரிம்மின் மேல் ஒட்ட வேண்டும். அதற்கென்று தனிப் பசை உண்டு. டர்பனிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்துபோனதும், போன வருடம் அத்தா நம் ஊர் பஞ்சர் சொல்யூசனைப் பூசி ஒட்டியிருக்கிறார். சமவெளியில் தாங்கும். மலையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், சொல்யூசன் இளகும், ஏதாவது ஒரு வளைவில் டயர் ரிம்மைவிட்டு நழுவும். இதையெல்லாம் அன்றைக்குத்தான் சொன்னார். முந்தல் வரைக்கும் போய் மலை தொடங்கும் இடத்தில் தினமும் ஏன் திரும்பினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

சர்ஃபராஸுக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் கிடையாது. நான் ஸ்கூட்டியை எடுத்தேன். அத்தா பின்னால் ஏறிக்கொண்டார்.

"வெரசாப் போ தாயி" என்றார்.

மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. வீரணனின் ஜீப்பில் தினமும் தோட்டத்துக்குப் போய்வரும் சுருளியம்மாள் டீக்கடையில் நின்றிருந்தாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

சர்ஃபராஸ் வந்தபோது வீரணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஜீப்பின் கூரையில் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது.

"வா மாப்ளே. கொப்பன் வெரலுக்குக் கட்டுப் போட்டாச்சா?"

"சைக்கிள எறக்கு."

"கேக்குற வெதமாக் கேளு. 'அண்ணே, எங்கத்தா செஞ்சது தப்புத்தான்'னு சொல்லு. நானே அவுத்துத் தர்றேன்."

"சொல்றேன். கிட்ட வா."

வீரணன் சிரித்துக்கொண்டே முகத்தை நீட்டினான். சர்ஃபராஸ் டீ கிளாஸை எடுத்து அவன் புருவத்தில் உடைத்தான். சூடான டீயும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. வீரணன் அவன் கழுத்தைப் பிடித்துப் பெஞ்சோடு சேர்த்து அழுத்தினான். சர்ஃபராஸ் இடுப்பிலிருந்த கொக்கியை எடுத்து அந்தக் கையில் இழுத்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் திறந்துகொண்டது. "கோழி உரிச்ச மாதிரி" என்றாள் சுருளியம்மாள். தடுக்கப்போன கடைக்காரருக்கும் ஒரு குத்து விழுந்தது. சர்ஃபராஸ் ஜீப்பில் ஏறிக் கொக்கியால் கயிற்றை அறுத்து, சைக்கிளைத் தள்ளி, ஏறிக்கொண்டு இறக்கத்தில் போய்விட்டான்.

வீரணன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். ஜீப்பு நகர்ந்ததும் இன்ஜினை அணைத்தான். இந்த முறை டீசலுக்காக இல்லை. சத்தமில்லாமல் போனால்தான் பின்னாலிருந்து இடிக்க முடியும்.

நாங்கள் பாதி மலை ஏறியிருந்தோம். ஒரு வளைவைத் தாண்டியதும் அத்தா என் தோளைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். மேலே இரண்டு திருப்பங்களுக்கு அப்பால் சிவப்பாக ஒன்று இறங்குவது தெரிந்தது. அதற்குப் பின்னால் ஜீப்பு வந்தது. சத்தமே இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் நின்ற இடத்தில் சர்ஃபராஸ் வரும் பக்கம் மலை, எங்கள் பக்கம் பள்ளம். மலையோரம் ரோடு வேலைக்குக் கொட்டிய மணல் குவியல் இருந்தது. எங்களுக்குக் கீழே இருந்த வளைவில் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. வெள்ளையடித்த டின்கள்தான் அடையாளம்.

நான் கையை ஆட்டிக் கத்தினேன். "நிறுத்து, நிறுத்து" என்றுதான் கத்தினேன். நிறுத்தச் சொன்னால் இன்னும் பிரேக்கைப் பிடிப்பான், ரிம் இன்னும் சூடாகும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவன் பின்னால் திரும்பி ஜீப்பைப் பார்த்தான். இன்னும் குனிந்து வேகமெடுத்தான். முன்சக்கரம் லேசாக நெளிந்ததை நான் பார்த்தேன், அல்லது பார்த்ததாக இப்போது நினைக்கிறேன். அத்தா ரோட்டைக் குறுக்கே கடந்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

சர்ஃபராஸ் விலகப் பார்த்தான். அத்தா விடவில்லை. கட்டுப் போட்ட கையை மடக்கி, தோளை முன்னால் கொடுத்து, அவன் நெஞ்சில் முழு பலத்தோடு மோதினார். அவன் சைக்கிளைவிட்டுப் பறந்து மணலில் முகம் குப்புற விழுந்தான். காறை எலும்பு உடைந்தது. அத்தா உருண்டுபோய் மலைப் பாறையில் தலை இடித்துக்கொண்டார். சைக்கிள் தனியாக ரோட்டில் சறுக்கி நின்றது. அதன் மேல் ஜீப்பு ஏறியது.

இரும்பு கதறியது. சைக்கிளின் உடம்பு ஜீப்பின் அடியில் சிக்கி, ஜீப்பு ஒருபுறம் இழுத்து, மலைச் சுவரில் முகத்தைக் கொடுத்து நின்றது. வீரணன் ஸ்டியரிங்கில் மோதி மூக்கு உடைந்து அப்படியே சாய்ந்தான். முன்சக்கரம் மட்டும் கழன்று உருண்டுவந்து என் காலடியில் விழுந்தது.

சர்ஃபராஸ் எழுந்தான். ஒரு கை தொங்கியது. அத்தாவிடம் நடந்துபோய் விலாவில் உதைத்தான். இதை எழுதலாமா என்று தெரியவில்லை. உதைத்தான்.

"அடிச்சிட்டேல்ல? அந்த இரும்ப எடுத்துட்டு வந்தா, அதுக்கும் என்னியத்தான் அடிப்பேல்ல? பெல்ட்டு பத்தலையா ஒனக்கு?"

அத்தா ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் மறுபடி காலை ஓங்கினான்.

நான் சக்கரத்தைத் தூக்கினேன். ரிம் கையைச் சுட்டது. டயரின் ஒரு பக்கம் ஏற்கனவே நழுவியிருந்தது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சொல்யூசன் வெல்லப் பாகுபோல நூல் நூலாக இழுத்தது.

"அண்ணே. இங்க பாரு."

கட்டைவிரலால் தள்ளினேன். பழுத்த ஏலக்காயின் தோல் விலகுவதுபோல டயர் முழுசாகக் கழன்று தரையில் விழுந்தது.

சர்ஃபராஸ் அதைப் பார்த்தான். கீழே இருந்த வளைவைப் பார்த்தான். ஓங்கிய காலை இறக்கி அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. மூன்று பேரையும் மூட்டைகளின் மேல் படுக்கவைத்தோம். ஆமாம், வீரணனையும். நடுவே நான் உட்கார்ந்துகொண்டேன், மறுபடி அடித்துக்கொள்ளக் கூடாதே என்று. சர்ஃபராஸின் வயிற்றின் மேல் அந்தச் சக்கரம் இருந்தது.

ரிம்மில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்து அவன் அத்தாவிடம் கேட்டான்:

"பஞ்சர் சொல்யூசனா?"

"ம்."

"பஞ்சர் சொல்யூசனப் பூசிட்டா ஆப்பிரிக்கா சைக்கிளு, ஆப்பிரிக்கா சைக்கிளுன்னு ஊரு பூராப் பீத்திட்டிருந்தீங்க?"

"நான் முந்தல் வரைக்கும்தான்டா ஓட்டுவேன்."

சர்ஃபராஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் உடைந்த எலும்பு குத்தி, கத்திக்கொண்டே நல்ல கையால் அத்தாவின் தொடையில் குத்தினான். அத்தா வாங்கிக்கொண்டார்.

"சிரிக்காதீங்கடா" என்றான் வீரணன், மூக்கைப் பொத்திய துண்டுக்குள்ளிருந்து. "மூஞ்சி வலிக்குது."

அப்போது லாரியின் உறுமல் நின்றது. காற்றின் சத்தமும் மூட்டைகள் உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாரையும்விட முதலில் எழுந்தவன் வீரணன். கிழிந்த கையால் கேபினின் முதுகில் ஓங்கி அறைந்தான். அவன் பக்கத்தில் அத்தாவும் நல்ல கையால் அறைந்தார்.

"இன்ஜினப் போடுறா!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள்.