சத்தம் வராத குழாய்

மழை பிடிச்சு ரொம்ப நேரமாச்சு. குழாய் மட்டும் இன்னும் வாயத் தொறக்கல.

சின்னவ போர்வைக்குள்ள காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தா. கூரையில விழற சத்தம் கேக்குது, டிராக்டர் நிக்கிற தகரக் கொட்டகையில விழற சத்தம் கேக்குது. கேக்க வேண்டியது மட்டும் கேக்கல.

மெயின் ரோட்டுல இருந்து அவங்க வீட்டுக்கு ஏறி வர்ற ஜல்லிப் பாதை நீளமோ நீளம். கூடவே ஓரமா ஒரு வாய்க்கால் வரும். பாதி வழியில ஒரு வளைவு. அங்க வாய்க்கால் தண்ணி, பாதைக்கு அடியில பதிச்ச சிமெண்ட் குழாய்க்குள்ள புகுந்து, அந்தப் பக்கம் பள்ளத்துல தொபதொபன்னு கொட்டும். நல்ல மழைன்னா வீடு வரைக்கும் கேக்கும். அப்பா தூக்கத்துலயே "ம், போகுது"ன்னுட்டுப் புரண்டு படுத்துப்பாரு. சத்தம் வரலேன்னா எந்திரிச்சு டார்ச்சைத் தேடுவாரு. குழாய்ல போகாத தண்ணி எங்க போகும்? பாதை மேலதான் போகும். ஒரு ராத்திரி போதும், பாதையை உரிச்சுப் போட்டுடும்.

இன்னிக்கு டார்ச்சைத் தேட அப்பா இல்ல. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காரு, அம்மா துணைக்கு இருக்காங்க. விடிஞ்சதும் வேன்ல படுக்க வச்சுக் கூட்டிட்டு வர்றாங்க. குலுங்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டாராம். "நம்ம பாதையில இருக்கிற குழிங்களை நினைச்சாதான்டி பயமா இருக்குது"ன்னு அம்மா மத்தியானம் ஃபோன்ல புலம்பினாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் சின்னவ டிராக்டர் சாவியை எடுத்தா.

டிராக்டர் அவளுக்குப் புதுசு இல்ல. லோடு ஏத்திக்கிட்டு எத்தனையோ தடவை ஓட்டியிருக்கா. ஆனா பின்னாடி மாட்டியிருக்கிற இரும்புப் பிளேடை இறக்கிப் பாதையைச் சீவினது இல்ல. "நான் வர்ற வரைக்கும் பாதையில யாரும் பிளேடு வைக்கக் கூடாது"ன்னு ஸ்ட்ரெச்சர்ல போகும்போதே அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு. அது அண்ணனுக்குச் சொன்னது, நமக்கு இல்லன்னு அவளாவே தீர்ப்பு எழுதிக்கிட்டா.

மேலயும் கீழயும் போய்ப் போய் வந்ததுல ஒரு குழி மிச்சம் இல்ல. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்த அண்ணி ஸ்கூட்டரை நிறுத்திட்டு, "அடியே, கேரம் போர்டு மாதிரி ஆக்கி வச்சிருக்க"ன்னு அசந்து போய்ச் சொன்னா. அப்போ தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்போ இருட்டுல படுத்துக்கிட்டு யோசிக்கும்போதுதான் உறைச்சுது. கேரம் போர்டு. அதுதானே தப்பு. அப்பா பிளேடைத் தாங்குற ஒரு பக்க இரும்புக் கையை முறுக்கி, சாய்ச்சு வச்சுத்தான் இழுப்பாரு. ரெண்டு ஓரத்துல இருந்தும் ஜல்லியை நடுவுக்குக் கொண்டு வருவாரு. நடு உசந்து நின்னாதான் தண்ணி ஓரத்துக்கு வழியும். அவ அந்தக் கையைத் தொடவே இல்ல. நடுவுல இருந்த மேட்டை மொத்தமா வழிச்சு ஓரத்துல வரப்பு மாதிரிக் குவிச்சுட்டா. தண்ணி வாய்க்காலுக்கு இறங்க வழியே கிடையாது. அதுவும் அந்த வளைவுல வண்டியைத் திருப்பும்போது பிளேடோட முனை வாய்க்கால் மேல போச்சே, அதுல இருந்த ஜல்லி எங்க விழுந்துச்சு?

எந்திரிச்சுப் போய் அண்ணியோட ரூம் கதவைத் தட்டினா. அண்ணனுக்கு நைட் ஷிப்ட். வீட்டுல இவங்க ரெண்டு பேர்தான்.

"என்னடி, பேயா?"

"பேயா இருந்தா நானே பாத்துக்குவேன் அண்ணி."

அண்ணி எந்திரிச்சு உக்காந்தா. சின்னவ கட்டில் ஓரத்துல உக்காந்து, போர்வை நுனியை முறுக்கிக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினா. பாதி அண்ணிக்குப் புரியல. அவ டவுன்ல பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறவ, வாய்க்காலைக் கண்டாளா, பிளேடைக் கண்டாளா.

"சரி, ரத்தினச் சுருக்கமாச் சொல்லு. என்ன ஆகும்?"

"பாதை அறுந்துடும். காலையில வேன் ஏறாது. இல்ல, ஏறும், அப்பா இடுப்பு..."

அப்பப் பாத்து அண்ணியோட ஃபோன் அடிச்சுது. அப்பா.

அண்ணி ஸ்பீக்கர்ல போட்டா. "என்ன மாமா, தூங்கலையா?"

"இங்க மழை கொட்டுதும்மா. அங்க?"

"லேசா, மாமா."

"சின்னவ இருக்காளா? ஏம்மா, குழாய் சத்தம் கேக்குதா?"

சின்னவ ஃபோன் பக்கம் குனிஞ்சா. "கேக்குதுப்பா."

"எங்க, ஃபோனை ஜன்னல்கிட்டப் பிடி. கேட்டுட்டுத் தூங்கறேன்."

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அண்ணி ஃபோனைத் தூக்கிட்டு ஓசைப்படாம பாத்ரூமுக்கு ஓடினா. டேப்பை முழுசாத் திருகி பக்கெட்டுல விட்டு, பக்கத்துல ஃபோனைப் பிடிச்சா. சின்னவ சுவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டா.

அந்தப் பக்கம் அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"ம். போகுது"ன்னாரு அப்பா. வச்சுட்டாரு.

"தப்பிச்சோம்"னா அண்ணி.

"எங்க தப்பிச்சோம்? இப்போ பொய்யும் சேந்துக்கிச்சு." சின்னவ கொக்கியில இருந்து டிராக்டர் சாவியை எடுத்தா. எடுத்த வேகத்துலயே மாட்டிட்டா. ஈரப் பாதையில அந்த டயரை ஏத்தினா, தண்ணி அரிக்காம மிச்சம் விட்டதையும் அது உழுது போட்டுடும். மூலையில இருந்த மண்வெட்டியை எடுத்தா.

அண்ணி நைட்டி மேல அண்ணனோட ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு டார்ச்சோட வந்தா. பாதையில கால் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. தண்ணி கணுக்கால் நனைய, பாதையோட போட்டி போட்டுக்கிட்டு இறங்குது. செருப்புக்கு அடியில ஜல்லி ஓடுறது கூசுது. சின்னவ ஓரத்து வரப்பை மண்வெட்டியால வெட்டிவிட்டா. தேங்கி நின்ன தண்ணி குபுக்குன்னு வாய்க்காலுக்குள்ள பாஞ்சுது. பத்தடி தள்ளி இன்னொரு வெட்டு. அப்புறம் இன்னொண்ணு. கை எரிஞ்சுது. வெட்டின இடத்துல எல்லாம் தண்ணி அவ சொன்ன பேச்சைக் கேட்டுச்சு, வளைவுல மட்டும் கேக்கல. அங்க குழாய் வாய் இருக்கிற இடமே தெரியல. ஜல்லி மூடிக் கிடந்துச்சு. வாய்க்கால் நிரம்பி, பாதையைக் குறுக்கால அறுத்துக்கிட்டு ஓடிட்டு இருந்துச்சு.

அண்ணி டார்ச்சை அவ கையில திணிச்சுட்டு, முட்டி போட்டு வாய்க்கால்ல இறங்கினா. "தள்ளு. அடைச்ச வாயைக் குடையறதுதானே காலையில இருந்து என் பொழப்பு. என்ன, இது கடிக்காது."

சிரிக்கணும்னு சின்னவளுக்குத் தோணல. அவளும் இறங்கினா. கையால, மண்வெட்டியால, கடைசியா அண்ணியோட செருப்பால தோண்டினாங்க. திடீர்னு ஜல்லி உள்ள இழுத்துச்சு. குழாய் ஒரு தடவை செருமிச்சு. அப்புறம் அந்தப் பக்கம் பள்ளத்துல தொபதொபன்னு விழுந்துச்சு.

சத்தம் வந்துடுச்சு. ஆனா டார்ச் வெளிச்சத்துல பாத்தா, பாதைக்குக் குறுக்கால ஒரு முழ அகலத்துக்கு ஓடை. சின்னவ மண்வெட்டியால ஜல்லியை இழுத்துப் போட்டா. போடப் போடக் கீழ போச்சு. விடியிற வரைக்கும் போட்டா. நிரம்பவே இல்ல.

மழை விட்டதும் வேன் வந்துடுச்சு. வளைவுக்கு முன்னாடியே நின்னுச்சு. சின்னவ சேறும் சகதியுமா ஓடைக்கு இந்தப் பக்கம் நின்னா. டிரைவர் இறங்கினாரு. ஓடையைப் பாத்துட்டு வேன் மேல ஏறிக் கயித்தை அவுத்தாரு. ரெண்டு கெட்டிப் பலகை.

"இது எதுக்கு?"ன்னா சின்னவ.

"எனக்கென்னம்மா தெரியும். நடுராத்திரியில ஃபோன் பண்ணி, பலகை இல்லாம வராதேன்னு உங்கப்பா உத்தரவு. கட்டடம் கட்டற இடத்துல வாட்ச்மேன் காலைப் பிடிச்சு வாங்கிட்டு வரேன்."

ஓடை மேல பலகையைப் போட்டாங்க. சின்னவ வேனைப் பாத்தபடி பின்பக்கமா நடந்துக்கிட்டே, டயர் பலகையை விட்டு நழுவாம கை காட்டினா. முன் டயர் ஏறிச்சு. பலகை வளைஞ்சு முனகுச்சு. கண்ணாடிக்கு உள்ள அம்மாவோட கை அப்பா தோளை அழுத்திப் பிடிச்சிருந்துச்சு. பின் டயர் ஏறி இறங்கற வரைக்கும் சின்னவ கையைக் கீழ இறக்கல.

வேன் இந்தப் பக்கம் வந்து நின்னுச்சு. அப்பா படுத்தவாக்குல கண்ணாடியை இறக்கச் சொன்னாரு. மூஞ்சி வெளிறி இருந்துச்சு.

"வலிச்சுதாப்பா?"

"கொஞ்சம்."

"அப்பா, நான்தான் பிளேடு..."

"தெரியும்." அவரு கண்ணை மூடிக்கிட்டு, பள்ளத்துல கொட்டுற தண்ணியைக் கொஞ்ச நேரம் கேட்டாரு. "இதுதான் குழாய். ராத்திரி நீங்க கேக்க வச்சது பக்கெட்டு. அதுவும் பாதிக்கு மேல நிரம்பின பக்கெட்டு."

வளைவுக்குப் பின்னாடி ரெயின்கோட்டோட நின்ன அண்ணி, மெதுவா வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சா.