சபையில் சொன்ன கார்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டுவதைவிடக் காரைப் பற்றிப் பேசுவதுதான் நன்றாக வரும். அமிர்தலிங்கம் என்று கேட்டால் பாபநாசத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘வண்டி வாத்தியார்’ என்றால் துபாயில் இருப்பவனுக்கும் தெரியும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், சும்மா இருக்க முடியாமல் யூடியூபில் சேனல் ஆரம்பித்தார். இரண்டு காரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று மூச்சுவிடாமல் பேசுவார். எந்தப் பேச்சானாலும் கடைசியில், கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதையே வாங்கிவிடலாம் என்று முடிப்பார். அடுத்தவன் பாக்கெட் என்றால் அவருக்கு அவ்வளவு தாராளம். எங்கள் வீட்டில் நின்றது ஒரு பழைய மாருதி. மழை பெய்தால் இடது பக்கம் உட்காருகிறவர் கால் நனையும். அந்தப் பக்கம் உட்காருவது நான்தான்.

எங்களுக்கு ஒரே பெண், கவிப்ரியா. திருவாரூரில் ரைஸ்மில் வைத்திருக்கும் வைத்தியலிங்கத்தின் மகன் தமிழரசனுக்கு அவளைப் பேசினார்கள். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று, போனில் பேச ஆரம்பித்தார்கள். மொட்டைமாடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற சத்தம் கீழே அடுப்படி வரைக்கும் கேட்கும். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. என் வாய்க்கு அன்றைக்கே பூட்டுப் போட்டாகிவிட்டது.

முதல் தடவை வந்தபோதே வைத்தியலிங்கம், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்றார். நானும் நம்பினேன். அடுத்த தடவை வந்தபோது பையன், மாமாவின் வீடியோ எல்லாம் பார்ப்பேன் என்று ஆரம்பித்தான். இரண்டு எலெக்ட்ரிக் கார்கள் அவன் மனதில் இருக்கிறதாம். ஒன்று ஜெர்மன்காரன் செய்தது, இன்னொன்று இங்கிலாந்துக்காரன் செய்தது. இரண்டுக்கும் இரண்டே கதவு, இரண்டும் பறக்கிற வண்டி. எது நல்லது என்று மாமாதான் பார்த்துச் சொல்லவேண்டுமாம். காபியோடு வந்த நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். சொந்தக் காசில் வாங்குகிறவன் ஷோரூமில் போய்க் கேட்பான். பெண் வீட்டு நடுக்கூடத்தில், அப்பாவையும் தாய்மாமனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் கேட்கிறான்?

அவர்கள் கிளம்பியதும் சொன்னேன்.

“ஏங்க, அவங்க கார் கேக்குறாங்க.”

“அட்வைஸ் கேக்குறாங்க, வள்ளி. எல்லாத்தையும் கோணலா பாக்காத.”

கேமரா முன்னால் வந்துவிட்டால் இவருக்கு உலகமே தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனின் மனசு மட்டும் தெரியாது.

பையன் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய் இரண்டு காரையும் ஓட்டிப் பார்க்கவைத்தான். திரும்பி வந்தவர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் பாடம் நடத்தினார். ஜெர்மன் கார் மிதித்தவுடன் அம்பு மாதிரி போகும், சீக்கிரம் சார்ஜ் ஏறும். ஆனால் தரையோடு தரையாக இருக்கிறது, அய்யம்பேட்டை வேகத்தடையில் அடிவயிறு தேய்ந்துவிடும். இங்கிலாந்துக் காரில் அரை நொடி வேகம் குறைச்சல். ஆனால் மேடு பள்ளம் உடம்புக்கே தெரியாது, பேட்டரியும் நின்று உழைக்கும். இரண்டும் ஓடுகிற சத்தமே கேட்காதாம். பின்சீட்டு எப்படி என்று கேட்டேன். ஏதோ ஒன்று கேட்கவேண்டுமே என்றுதான் கேட்டேன்.

“ரெண்டுலயும் பின்சீட்டு பேருக்குத்தான். உக்காந்தா முட்டி தாடையில இடிக்கும். அதுக்கெல்லாம் மார்க் கொறைக்கக் கூடாது. புருஷன் பொண்டாட்டி போற வண்டி, வேற யாரு ஏறப்போறா?”

நிச்சயதார்த்தம் பாபநாசத்திலேயே மண்டபத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால், பெண் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று சபையில் வாயால் சொல்லவேண்டும். எழுத்து கிடையாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல்தான் பத்திரம். அதற்கப்புறம் ஒரு குத்துவிளக்கு குறைந்தாலும் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். பையனின் தாய்மாமன் பஞ்சநதம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நகை சொன்னோம், கட்டில் பீரோ சொன்னோம். அப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டி இரண்டில் எது நல்லது என்று வாத்தியார் சபையில் சொல்லட்டும், எல்லாரும் தெரிந்துகொள்வோம் என்றார்.

இவர் கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. பெண்கள் வரிசையில் இருந்து நான் இருமினேன். இவர் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த என் அண்ணன் மனைவி வானதியிடம், போய் அவரை உட்காரச் சொல் என்றேன். அவள் எழுந்திருப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். இருநூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? சஸ்பென்ஷன் சொன்னார், பேட்டரி சொன்னார். தட்டு கையில் ஆட ஆடச் சொன்னார்.

“விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா அதப் பாக்கக் கூடாது. இங்கிலாந்து வண்டிதான். வேற பேச்சே இல்ல.”

பஞ்சநதம் சபையைச் சுற்றிப் பார்த்தார். “சம்மந்தி வாயாலயே சொல்லிட்டாங்க. ரொம்ப சந்தோஷம். தட்ட மாத்துங்க.”

கெட்டிமேளம் கொட்டினார்கள். இவர் தட்டைக் கொடுத்துவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மெல்ல விளங்கியது. அப்படி ஒருவர் முகம் வெளிறி நான் பார்த்ததில்லை. கோபம் வந்ததா, பாவமாக இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வைத்தியலிங்கத்துக்கு போன் செய்தார். கணக்கை மறுபடி பார்த்தேன், நம் ஊர் ரோட்டுக்கு இரண்டுமே சரிவராது, இன்னும் நல்ல வண்டி வரப்போகிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னார். அந்தப் பக்கம் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. சபையில் சொன்னதை நாங்கள் எப்படி மாற்றுவது சம்பந்தி, மச்சான் பஞ்சநதம் வருத்தப்படுவாரே என்றார். அவ்வளவுதான். எத்தனையோ ஆயிரம் பேரிடம் இதை வாங்காதே, அதை வாங்காதே என்று சொன்ன மனுஷன், இந்த ஒரு ஆளிடம் சொல்ல முடியாமல் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் கவிப்ரியாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் பதறிப்போய்த் தமிழரசனைக் கேட்டாள். நான் கேட்கவே இல்லையே, மாமா ஆசையாகச் சபையில் சொன்னார், வேண்டாம் என்றால் அவருக்குத்தானே அவமானம் என்றானாம். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வரதட்சணை என்ற சொல்லை எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் வாயில் எடுக்கவில்லை. நான் எடுத்தால் கல்யாணம் நிற்கும். மொட்டைமாடிச் சிரிப்பும் நிற்கும்.

மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு நஞ்சை இருந்தது. என் அப்பா என் பேருக்கு எழுதிவைத்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அதுதான். ரோட்டோரம் என்பதால் வாங்க ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். சம்பா கதிர் பிடித்து நின்ற நேரம், ரிஜிஸ்தர் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டேன். இவர் என் பக்கத்தில் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டிய இடத்தில் பேசாமலும், பேசக்கூடாத இடத்தில் பேசியும் இந்த மனுஷன் என்னை ஒருவழியாக்கிவிட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுநாள் பெண்ணைத் திருவாரூரில் கொண்டுபோய் விடவேண்டும். மண்டப வாசலில் அந்தக் கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது. தமிழரசன் முன்சீட்டை மடக்கி, ஏறுங்க அத்தை என்றான். தலையைக் குனிந்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்தேன். இன்னொரு கால் வரவில்லை. தலை கூரையில் முட்டியது. கவிப்ரியா, அம்மா முன்னால் உட்காரட்டும், நான் பின்னால் போகிறேன் என்றாள். அவள் மாமியார் சிரித்தபடி, புதுப்பெண் மாப்பிள்ளை பக்கத்தில்தான் உட்காரவேண்டும் என்று சொன்னார். அதுவும் முறைதான். நான் காலை வெளியே எடுத்துக்கொண்டேன். கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லாமல் கார் போய்விட்டது. கையை ஆட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அது தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

நாங்கள் பின்னால் மாருதியில் போனோம். என் நிலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். லாரி நின்று மண் கொட்டிக்கொண்டிருந்தது. அறுத்த நெல்தாள்மேலேயே மண். முன்னால் போன கார் கண்ணிலேயே படவில்லை. இவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

“பின்சீட்டுக்கு மார்க் கொறச்சிருக்கணும், வள்ளி” என்றார்.

ஓங்கிக் கத்தவேண்டும் என்று திரும்பினேன். அவர் கண்ணில் இருந்து தண்ணீர் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றேன்.